குடும்பக் குழுவில் வரும் இணையச் சொற்களைப் பொருள் பிசகாமல் படிப்பது எப்படி?

எங்கள் குடும்பத்து வாட்ஸ்ஆப் குழுவில் உறவினர் ஒருவரின் மறைவுச் செய்தி வந்தபோது, எழுபது வயதைக் கடந்த என் சித்தி, கண்ணோரத்தில் நீர் தெறிக்கும் மஞ்சள் முகத்தை மூன்று முறை அழுத்தி அனுப்பிவிட்டார். அது அழுகிற முகம் என்றே அவர் நினைத்தார். விழுந்து விழுந்து சிரிப்பதால் வரும் கண்ணீரைக் காட்டும் முகம் அது என்பதோ, 2015ஆம் ஆண்டின் சொல்லாக ஆக்ஸ்போர்டு அகராதியார் அந்தப் படத்தையே தேர்ந்தெடுத்தார்கள் என்பதோ அவருக்குத் தெரிந்திருக்க வழியில்லை. பேரப்பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்களே தவிர, அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. சில மாதங்கள் கழித்து வேறொருவர் மூலம் தெரியவந்ததும் அவர் குழுவில் எழுதுவதையே நிறுத்திவிட்டார். அந்த மௌனம் என்னை வருத்தியதால், வீட்டுப் பிள்ளைகள் எழுதும் சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துப் படிக்கத் தொடங்கினேன். அப்படிப் படித்தபோது கைகொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

புதிய சொல் ஒன்றைக் கண்டதும் அதன் பொருளைத் தேடுவதற்கு முன்னால், அது எந்த வகைச் சொல் என்று பாருங்கள். இதற்கான கருவி நம்மிடம் நெடுங்காலமாக இருக்கிறது. பவணந்தி முனிவர் நன்னூலில் சொல் வழங்கும் முறையை ஆறாகப் பிரித்தார். இலக்கணமுடையது, இலக்கணப்போலி, மரூஉ ஆகிய மூன்றும் இயல்பு வழக்கு, இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி ஆகிய மூன்றும் தகுதி வழக்கு என்று பள்ளியில் மனப்பாடம் செய்தது பலருக்கும் நினைவிருக்கும். இன்று இணையத்தில் வழங்கும் சொற்களில் பெரும்பாலானவை பேச்சில் சிதைந்து சுருங்கிய மரூஉவாகவோ, சொல்லத் தகாததை வேறு சொல்லால் சொல்லும் மங்கலமும் இடக்கரடக்கலும் போன்ற மறைப்பாகவோ, ஒரு குழுவினர் தமக்குள் மட்டும் வழங்கும் குழூஉக்குறியாகவோ இருக்கின்றன. வகை தெரிந்துவிட்டால், அதை எப்படி விசாரிக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

மரூஉதான் மூன்றிலும் எளிது. தஞ்சாவூர் தஞ்சையானதைப் போல, 'கரிஸ்மா' என்ற ஆங்கிலச் சொல்லின் நடுப்பகுதி மட்டும் எஞ்சி 'ரிஸ்' ஆயிற்று. பிறரைக் கவர்ந்திழுக்கும் திறனைக் குறிக்கும் அச்சொல் 2023ஆம் ஆண்டின் ஆக்ஸ்போர்டு சொல்லாகவும் தேர்வானது. சொற்களைச் சுருக்கி எழுதுவது இன்றைய பிள்ளைகளின் சோம்பல் என்று குறைபடுபவர்களுக்கு ஒரு செய்தி: 'ஓ மை காட்' என்பதன் 'ஓஎம்ஜி' என்ற சுருக்கத்தை 1917ஆம் ஆண்டிலேயே பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர் வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் விரிவுடன் எழுதியிருக்கிறார். சுருக்கங்களைப் படிக்கும்போது அவை ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களுக்குப் பொதுவாக இருக்கலாம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம். 'எல்ஓஎல்' என்பது வாய்விட்டுச் சிரிப்பதைக் குறிப்பதற்கு முன்பு ஆங்கிலத்தில் வயதான சிறு உருவ மூதாட்டியைக் குறிக்கும் சுருக்கமாக வழங்கியது. நம்மிடமும் 'உபி' என்று யாராவது எழுதினால் பெரியவர்களுக்கு உத்தரப் பிரதேசம் நினைவுக்கு வரும்; தமிழ் இணையத்தில் அது பெரும்பாலும் 'உடன்பிறப்பு' என்பதன் குறுக்கம், அதாவது தி.மு.க. தொண்டர். பேச்சு அரசியலைப் பற்றியதா, ரயில் பயணத்தைப் பற்றியதா என்று முன்பின் செய்திகளைப் பார்த்தாலே ஐயம் தீர்ந்துவிடும்.

இரண்டாம் வகையான மறைப்புச் சொற்களில் பெரியவர்கள் மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். இறந்தவரைத் துஞ்சினார் என்பதும், சுடுகாட்டை நன்காடு என்பதும், விளக்கை அணை என்னாமல் குளிர வை என்பதும் நம் மங்கல வழக்கு. இணையத்திலும் சாவைப் பெயர் சொல்லி எழுதாத வழக்கம் இருக்கிறது. ஆனால் அதன் காரணம் வேறு. சாவு, தற்கொலை, பாலுறவு போன்ற சொற்கள் இருக்கும் பதிவுகளைத் தளங்களின் தானியங்கி வடிகட்டிகள் நீக்கிவிடும், அல்லது பிறர் கண்ணில் படாமல் அமுக்கிவிடும் என்ற அச்சத்தால், டிக்டாக் போன்ற தளங்களில் எழுதுபவர்கள் 'அன்அலைவ்' என்ற சொல்லைப் பரப்பினார்கள். உயிரற்றவராக ஆக்குவது என்பது அதன் நேர்ப்பொருள். கொல்வதையும் தன்னைத்தானே மாய்த்துக்கொள்வதையும் அது குறிக்கிறது. 2020 ஜூனில் இந்தியாவில் டிக்டாக் தடைசெய்யப்பட்ட பிறகும், இன்ஸ்டாகிராம் ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் வழியாக இச்சொல் நம் பிள்ளைகளிடம் வந்து சேர்ந்துவிட்டது. விளையாட்டுப் பேச்சு போல ஒலிக்கும் இச்சொல்லை உங்கள் வீட்டுப் பிள்ளை தன்னைப் பற்றியே எழுதியிருந்தால், அதைப் புரியாத நவநாகரிகச் சொல் என்று கடந்து போகாதீர்கள். தனியே அழைத்து, உயிரை விடும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். அப்படிக் கேட்பதனால் இல்லாத எண்ணம் புதிதாகத் தோன்றிவிடாது என்றே மனநல மருத்துவர்கள் சொல்கிறார்கள். 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் சேவையை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

மூன்றாவது குழூஉக்குறி. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பர், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பர், வேடர் கள்ளைச் 'சொல்விளம்பி' என்பர் என்று உரையாசிரியர்கள் எடுத்துக்காட்டுவார்கள். வெளியாளுக்குப் புரியாமல் இருப்பதுதான் அச்சொற்களின் வேலை. கடைக்கு வரும் எல்லோருக்கும் பறி என்றால் பொன் என்று தெரிந்துவிட்டால், பொற்கொல்லர் வேறு சொல் தேடித்தான் ஆக வேண்டும். இணையச் சொற்கள் ஏன் இவ்வளவு விரைவாக மாறுகின்றன என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த மிகத் தெளிவான விடை இதுதான். நாம் புரிந்துகொண்டோம் என்பதாலேயே அவை மாறுகின்றன. பெரியவர்கள் எல்லோரும் அந்தச் சிரிக்கும் கண்ணீர் முகத்தை அனுப்பத் தொடங்கியதும், இளையவர்கள் பலர் அதைக் கைவிட்டுச் சிரித்தே செத்தேன் என்ற பொருளில் மண்டையோட்டுப் படத்துக்கு மாறிக்கொண்டார்கள். ஆகவே பேத்தி உங்கள் நகைச்சுவைக்கு மண்டையோட்டை அனுப்பினால் பதற வேண்டாம், அது பாராட்டு.

சில குழூஉக்குறிகளுக்குப் பொருளே இருக்காது. 2025ஆம் ஆண்டின் சொல்லாக டிக்‌ஷனரி டாட் காம் தேர்ந்தெடுத்தது '67' என்ற எண்ணை. ஓர் அமெரிக்க ராப் பாடலில் கிளம்பி, கூடைப்பந்து வீரர்களின் காணொளித் துணுக்குகளில் ஏறி, உலகெங்கும் பள்ளிக்கூடங்களை அடைந்த இதை, பிள்ளைகள் 'சிக்ஸ் செவன்' என்று கூவியபடி இரு உள்ளங்கைகளையும் மேலும் கீழுமாக அசைத்துச் சொல்கிறார்கள். இதன் பொருள் என்ன என்று பிள்ளையை வற்புறுத்திக் கேட்டால் அவனுக்கும் சொல்லத் தெரியாது. சொல்ல மறுக்கிறான் என்று கோபித்துக்கொள்வது வீண். எண்ணால் பேசுவது நமக்கும் புதிதன்று. 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிவுக்கு வரும்வரை, திருமண வாழ்த்துக்கும் பண்டிகை வாழ்த்துக்கும் தனித்தனி எண்கள் அஞ்சலகப் பட்டியலில் இருந்தன. ஏமாற்றுக்காரனை 'நானூற்று இருபது' என்று திட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவிலிருந்து வந்தது. அமெரிக்க இணையத்தில் வளர்ந்த பிள்ளைக்கோ 420 என்றால் கஞ்சா. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் மோசடி 318ஆம் பிரிவுக்குப் போய்விட்டதால், இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு நம்முடைய 420ஐயும் யாராவது விளக்கத்தான் வேண்டியிருக்கும்.

வகையைக் கண்டபின், அச்சொல் நடந்துவந்த வழியைத் தேடுங்கள். எனக்கு மிகவும் பயன்பட்டது 'சம்பவம்' என்ற சொல். நாளிதழ் படித்து வளர்ந்த என் தலைமுறைக்குச் சம்பவம் என்றால் விபத்தோ குற்றமோ நடந்த நிகழ்ச்சி. சென்னை ரவுடிகளின் பேச்சில் அது ஆளைத் தாக்குவதைக் குறிக்கும். 2019இல் வெளிவந்த ரஜினிகாந்த் படமொன்றின் வசனத்துக்குப் பிறகு 'தரமான சம்பவம்' என்பது எல்லோர் வாயிலும் புழங்கி, இன்று நன்றாக விளையாடியதற்கும், மேடையில் கைதட்டல் வாங்கியதற்கும், எதிராளியை வாதத்தில் மடக்கியதற்கும் பொதுச் சொல்லாகிவிட்டது. "நாளைக்குக் காலேஜ்ல ஒரு சம்பவம் இருக்கு" என்று மகன் எழுதியதைப் பார்த்து, காவல் நிலையம் வரை மனத்தில் போய்வந்த தகப்பனாரை எனக்குத் தெரியும். மகன் எழுதியது கவின்கலை விழாவில் தான் ஆடவிருந்த நடனத்தைப் பற்றி.

'பூமர்' என்பதையும் இப்படியே பின்தொடரலாம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் 1946க்கும் 1964க்கும் இடையில் பிறந்த பெருந்தொகையினரின் பெயர் அது. 2019இல் 'ஓகே பூமர்' என்ற பதிலடி இணையத்தில் பரவி, அவ்வாண்டு நவம்பரில் நியூசிலாந்து நாடாளுமன்றத்தில் 25 வயது உறுப்பினர் க்ளோயி ஸ்வார்ப்ரிக் வாயிலும் ஒலித்தது. தமிழுக்கு வந்ததும் அது 'அங்கிள்' என்ற உறவுச் சொல்லைச் சேர்த்துக்கொண்டு, பிறந்த ஆண்டோடு தனக்கிருந்த தொடர்பையே உதறிவிட்டது. கேட்காமல் அறிவுரை சொல்பவர் முப்பது வயதுக்காரராக இருந்தாலும் இன்று 'பூமர் அங்கிள்'தான். வயதைச் சொல்லி இழிவுபடுத்துகிறார்கள் என்று வருந்துபவர்கள், அது பெரும்பாலும் பேசும் தொனியைப் பற்றிய குறை என்று அறிந்தால், ஒருவேளை அந்தக் குறையைக் காது கொடுத்துக் கேட்கலாம்.

வழி தெரியாதவருக்கு எந்த அகராதியும் உதவாது என்பதை 2019 மே 30 அன்று உலகமே கண்டது. ஃபேஸ்புக்கில் சுத்தியல் படத்தைக் காட்டி, உங்கள் நாட்டில் இதன் பெயர் என்ன என்று கேட்ட பதிவுக்கு, 2001இல் வந்த 'ஃப்ரண்ட்ஸ்' படத்தில் வடிவேலு நடித்த கான்ட்ராக்டர் நேசமணியின் தலையில் அது விழுந்த கதையைத் தமிழர் ஒருவர் பதிலாக எழுத, நேசமணிக்காகப் பிரார்த்திக்கும் வேண்டுகோள் ட்விட்டரில் உலக அளவில் முன்னணிக்கு வந்தது. யார் இந்த நேசமணி என்று பிற மாநிலத்தவர் திகைத்தார்கள். அதற்கான திறவுகோல் அன்று, 'ஃப்ரண்ட்ஸ்' படத்தைப் பார்த்திருந்த பெரியவர்களிடமும் இருந்தது. பேரனுக்குப் பாட்டி விளக்கிச் சொன்ன வீடுகளும் இருந்திருக்கும்.

குறிப்பேட்டில் சொல்லையும் பொருளையும் மட்டும் எழுதினால் போதாது. யார், யாரிடம், எதற்குப் பதிலாகச் சொன்னார் என்பதையும் தேதியோடு எழுதுங்கள். மூன்று வெவ்வேறு இடங்களில் பார்க்காத வரை பொருள் இதுதான் என்று முடிவுகட்டாதீர்கள். பிள்ளைகளிடம் கேட்கும்போது "இதற்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பெரும்பாலும் "சும்மாதான்" என்ற பதிலே வரும், "இதை எப்போது சொல்வாய், யாரிடம் சொல்ல மாட்டாய்?" என்று கேட்டுப் பாருங்கள், விளக்கம் தானாக வரும். பலர் முன்னிலையில் கேட்க வேண்டாம். கற்ற சொல்லை நீங்களே எடுத்து ஆளவும் வேண்டாம். படித்துப் புரிந்துகொள்வதுதான் நமக்குத் தேவை, அவர்களுடைய குழுவுக்குள் நுழைவது அன்று.

சொற்களைவிட நுட்பமானவை குறிகள். வாக்கியத்தை முற்றுப்புள்ளியோடு முடிப்பது நமக்கு ஒழுங்கு. குறுஞ்செய்தியில் இளையோருக்கு அது கடுமை. அமெரிக்காவின் பிங்ஹாம்டன் பல்கலைக்கழகத்தார் 2015இல் வெளியிட்ட ஆய்வில், முற்றுப்புள்ளியோடு முடிந்த குறுஞ்செய்திப் பதில்களை மாணவர்கள் மனப்பூர்வமற்றவை என்று மதிப்பிட்டார்கள். நாம் தயக்கத்தோடு இடும் தொடர்புள்ளிகள் அவர்களுக்கு உள்ளே அடக்கிய கோபமாகப் படுகின்றன. கும்பிடும் கைகள் நமக்கு வணக்கமும் நன்றியும். பிள்ளைகள் தமக்குள் அனுப்பிக்கொண்டால் பல நேரங்களில் 'ஆளை விடு சாமி' என்று பொருள். கட்டைவிரல் படம் இன்னும் சிக்கலானது. கனடாவின் சஸ்காச்செவன் மாகாணத்தில் ஆளி விதை வாங்கும் நிறுவனம் 2021இல் அனுப்பிய ஒப்பந்தப் படத்துக்கு விவசாயி ஒருவர் கட்டைவிரலை மட்டும் பதிலாக அனுப்பினார். செய்தி கிடைத்தது என்றுதான் சொன்னேன் என்று அவர் வாதாடியும், அது ஒப்புதலே என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 82,000 டாலருக்கு மேல் இழப்பீடு கட்டச் சொன்னது. பணம், நிலம், மருத்துவம் தொடர்பான செய்திகளுக்கு எந்த வயதினரும் படத்தால் பதில் சொல்லாமல், சொற்களால் சொல்வதே பாதுகாப்பு.

இளையவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பெரியவர் ஒருவர் தவறான படத்தை அனுப்பியதைக் கண்டால், குழுவில் சிரிக்காமல் உடனே கைபேசியில் அழைத்துச் சொல்லிவிடுங்கள். செய்தியை நீக்குவதற்கான கால வரம்பு முடிவதற்குள் அதை எப்படி நீக்குவது என்றும் காட்டிக்கொடுங்கள். நீங்கள் வேடிக்கையாக 'ஆர்ஐபி' என்று எழுதுவது, இழப்புகளைச் சந்தித்த வயதினருக்கு வேடிக்கையாக இராது.

என் சித்தி இப்போது மீண்டும் குழுவில் எழுதுகிறார். துக்கச் செய்தி வந்தால் எந்த முகத்தையும் தேடுவதில்லை; விசைப்பலகையில் உள்ள ஒலிவாங்கிக் குறியை அழுத்தி "ஆழ்ந்த இரங்கல், வீட்டுக்கு வந்து பார்க்கிறேன்" என்று சொல்ல, அது எழுத்தாக மாறிப் போய்ச் சேர்கிறது. அதைக் கற்றுக்கொடுத்தவள் அவருடைய பேத்தி.