லீஷ்மேனியாவில் திட்டமிட்ட செல் இறப்பு: சோதிக்கும் முறையும் சறுக்கும் இடங்களும்

பாலூட்டிச் செல்களின் திட்டமிட்ட இறப்பை (அபாப்டோசிஸ்) கண்டறிய விற்கும் கிட்டை அப்படியே லீஷ்மேனியா என்ற ஒருசெல் ஒட்டுண்ணிக்குப் போட்டாலும் வரைபடம் அழகாகத்தான் வரும். ஆனால் அதை நம்ப முடியாது. இந்த ஒட்டுண்ணியில் அந்த இறப்பை நடத்தும் காஸ்பேஸ் என்சைம் கிடையாது, மைட்டோகாண்ட்ரியா ஒன்றே ஒன்றுதான், செல் சவ்வின் கொழுப்புகளும் வேறு. அதனால் ஒரு சாயத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாமல், எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்ற வரிசையைப் பிடிக்க வேண்டும்.

இங்கே எடுத்துக்கொள்வது காலா-அசார் நோயை உண்டாக்கும் லீஷ்மேனியா டோனோவனி, அதற்கான மருந்து மில்டெஃபோசின். 1903-ல் சென்னையில் சார்லஸ் டோனோவன் நோயாளியின் மண்ணீரலில் கண்டது மனிதச் செல்லுக்குள் வாழும் அமாஸ்டிகோட் வடிவம். ஆய்வகக் குடுவையில் எளிதாக வளர்வதோ மணல் ஈயின் குடலில் வாழும் ப்ரோமாஸ்டிகோட். ஒன்றில் கிடைத்த முடிவு மற்றதற்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

வளர்ப்பு. எம்-199 ஊடகத்தில் 10% கன்றுக்கரு சீரம் (56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கியது) சேர்த்து, 24–26 டிகிரி செல்சியஸில் வையுங்கள். மி.லிக்கு 10 லட்சம் செல்களில் தொடங்கினால் இரண்டு, மூன்று நாளில் வேகமாகப் பெருகும் கட்டத்தில் இருக்கும். அப்போதே எடுத்துவிட வேண்டும். ஒரு வாரம் கிடந்த குடுவையில் தானாகச் சாகும் செல்கள் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். மருந்து போடாத கண்ட்ரோலிலேயே சாவு எண்ணிக்கை உயர்ந்து நிற்கும். (அந்தச் சாவும் வீண் இல்லை. லீஷ்மேனியா மேஜரில், சாகும் செல்கள் உடனிருக்கும் உயிருள்ளவை விருந்தோம்பியின் எதிர்ப்பிலிருந்து தப்ப உதவுகின்றன என்று எலிகளில் காட்டியிருக்கிறார்கள்.) எண்ணும்போது நீந்திக்கொண்டே இருக்கும் என்பதால், எண்ண எடுக்கும் துளியில் மட்டும் 2% ஃபார்மலின் கலந்துகொள்ளுங்கள்.

மருந்து. மி.லிக்கு 20 லட்சம் செல்கள், 20 மற்றும் 40 மைக்ரோமோலார் மில்டெஃபோசின், 0, 6, 12, 24 மணி நேரங்கள். இது நீரில் கரையும், டிஎம்எஸ்ஓ தேவையில்லை. சீரத்தில் உள்ள புரதங்கள் இதைப் பிடித்துக்கொள்வதால், சீரம் அளவை நடுவில் மாற்றினால் பழைய எண்களோடு ஒப்பிட முடியாது. செறிவை மிகவும் ஏற்றினாலும் சிக்கல்தான்: மில்டெஃபோசின் சோப்புபோல் சவ்வையே கரைக்கும், நீங்கள் பார்ப்பது வெறும் செல் உடைப்பாகிவிடும். அந்த உடைப்பு எப்படித் தெரியும் என்று அறிய, 56 டிகிரியில் 10 நிமிடம் வைத்த ஒரு குழாயையும் சேர்த்தே ஓட்டுங்கள்.

மைட்டோகாண்ட்ரியா. ஜேசி-1 சாயம், 5 மைக்ரோமோலார், 20 நிமிடம், இருட்டில். செல்கள் உயிரோடு இருக்க வேண்டும். நிலைப்படுத்திய செல்லில் வேலை செய்யாது. மைட்டோகாண்ட்ரியா சவ்வில் மின்னழுத்தம் இருந்தால் சிவப்பு, விழுந்தால் பச்சை. அந்த மின்னழுத்தத்தைக் குலைக்கும் சிசிசிபி 50 மைக்ரோமோலார் போட்ட குழாய் முழுக்கப் பச்சையாக வராவிட்டால் அன்றைய ஓட்டத்தை விட்டுவிடுங்கள். இன்னொன்று: மில்டெஃபோசின் சைட்டோகுரோம் சி ஆக்ஸிடேஸை நேரடியாகத் தடுக்கிறது. எனவே மின்னழுத்தம் விழுந்தது மருந்து அடித்த அடியாகவே இருக்கலாம். செல் தொடங்கிய திட்டம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அனெக்ஸின்-வி (சாகும் செல்லின் வெளிப்புறத்துக்கு வரும் கொழுப்பில் ஒட்டும் புரதம்). 1,000 ஜி-யில் 10 நிமிடம் சுழற்றி, பிபிஎஸ்ஸில் கழுவுங்கள். பிறகு பைண்டிங் பஃபருக்கு (ஹெபிஸ் 10, சோடியம் குளோரைடு 140, கால்சியம் குளோரைடு 2.5 மில்லிமோலார், பிஎச் 7.4) மாற்றுங்கள். 100 மைக்ரோலிட்டரில் 10 லட்சம் செல், 5 மைக்ரோலிட்டர் அனெக்ஸின், ப்ரோபிடியம் அயோடைடு (சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் ஏறும் சாயம்) மி.லிக்கு 1 மைக்ரோகிராம், 15 நிமிடம் இருட்டில். ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ளோ சைட்டோமீட்டரில் (செல்களை ஒவ்வொன்றாக ஒளியால் அளக்கும் கருவி) ஓட்டிவிடுங்கள். கால்சியம் இல்லாமல் அனெக்ஸின் ஒட்டாது. கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ சிறிது மிஞ்சினாலும் சிக்னல் போய்விடும்.

அனெக்ஸின் பிடிக்க வேண்டியது பாஸ்ஃபடிடைல்செரினை. ப்ரோமாஸ்டிகோட்டில் அந்தக் கொழுப்பு கண்டறியும் அளவுக்கு இல்லை என்று 2012-ல் ஒரு பகுப்பாய்வு காட்டியது. அங்கே அனெக்ஸின் ஒட்டுவது வேறு கொழுப்புகளில், அதுவும் சவ்வில் ஓட்டை விழுந்தால் உள்ளே போய். ஆகவே ப்ரோபிடியம் ஏறிய செல்களின் அனெக்ஸின் சிக்னலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஏறாதவற்றிலும் அதைத் துணைச் சான்றாக மட்டும் வையுங்கள்.

ஃப்ளோ சைட்டோமீட்டரில் பெரிய பாலூட்டிச் செல்லுக்கு வைத்த த்ரெஷோல்டு (கருவி கணக்கில் எடுக்கும் குறைந்தபட்ச அளவு) இருந்தால் பாதிச் செல்கள் தெரியவே தெரியாது. அதைக் குறைத்து, அளவை லாக்கில் வையுங்கள். கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தால் பிப்பெட்டால் மெதுவாகக் கலக்குங்கள். சிரிஞ்சு ஊசியால் பிரிக்க வேண்டாம். செல்லும் கிழியும், கையில் குத்தினால் தொற்றும் வரும்.

டனெல் (டிஎன்ஏ முறிவுகளில் ஒளிரும் குறியை ஒட்டும் சோதனை). 4% பாராஃபார்மால்டிஹைடில் 30 நிமிடம், பிறகு பனிக்கட்டியின் மேல் வைத்து 0.1% ட்ரைட்டானில் 2 நிமிடம். டிஎன்ஏவை வெட்டும் டிஎன்ஏஸ் போட்ட குழாய் ஒன்று, குறியை ஒட்டும் டிடிடி என்சைம் சேர்க்காத குழாய் ஒன்று கட்டாயம். இந்தச் சோதனையை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பதே நல்லது. டிஎன்ஏவில் ஒட்டும் டாப்பி சாயத்தில் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு புள்ளிகள் தெரியும்: பெரியது நியூக்ளியஸ், சிறியதும் பிரகாசமானதும் கைனெட்டோபிளாஸ்ட் (மைட்டோகாண்ட்ரியாவின் டிஎன்ஏ திரள்). பிரியத் தயாராகும் நலமான செல்லிலும் கைனெட்டோபிளாஸ்ட் டனெலில் ஒளிரும், ஏனென்றால் புதிதாக நகலெடுத்த சிறு டிஎன்ஏ வளையங்களில் இடைவெளிகள் நிரப்பப்படாமல் இருக்கும். நியூக்ளியஸ் ஒளிர்ந்தால் மட்டும் எண்ணுங்கள். சைட்டோமீட்டரால் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது.

காஸ்பேஸ் கிட் வாங்குவது பண விரயம். அதில் உள்ள டிஇவிடி சப்ஸ்ட்ரேட் (என்சைம் வெட்டும் துண்டு) அஸ்பார்ட்டேட் என்ற அமினோ அமிலத்துக்குப் பின் வெட்டும் என்சைமுக்கானது. லீஷ்மேனியாவில் இருக்கும், காஸ்பேஸின் தூரத்து உறவான மெட்டாகாஸ்பேஸ் ஆர்ஜினின், லைசின் ஆகியவற்றுக்குப் பின்தான் வெட்டும். காஸ்பேஸைத் தடுக்கும் இசட்-வாட் தடுப்பானும் அதைத் தொடாது. ஆர்ஜினின் சப்ஸ்ட்ரேட்டை மற்ற புரோட்டியேஸ்களும் வெட்டுவதால், மெட்டாகாஸ்பேஸ்தான் காரணம் என்று சொல்ல அந்த மரபணுவை நீக்கிய வகையோடு ஒப்பிட வேண்டும்.

கழுவி வளர்த்தல். பலர் விட்டுவிடும் படி இது. ஒவ்வொரு நேரப் புள்ளியிலும் கொஞ்சம் செல்லை இரண்டு முறை கழுவி, மருந்தில்லாத ஊடகத்தில் 96 குழித் தட்டில் பத்துப் பத்தாக நீர்த்து, 10 நாள் பாருங்கள். ஜேசி-1 பச்சையும் அனெக்ஸினும் காட்டிய தொகுதி கண்ட்ரோலுக்கு நிகரான நீர்ப்பு வரை மீண்டும் நீந்தினால், அந்தச் சாயங்கள் காட்டியது சாவு அல்ல, தற்காலிகத் தடுமாற்றம்.