மேஜரா, ரிலேட்டிவ் மைனரா? கண்டுபிடிக்கும் வழி

ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் தேவாலயங்களில் தாள் இல்லாமல் கீபோர்ட் வாசிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் சிக்கல் இது. பாட்டு முழுக்க வெள்ளைக் கட்டைகளிலேயே விழுகிறது. ஆனால் கடைசியில் சி மேஜர் பிடித்தால் முடிந்த மாதிரியே இல்லை. சுரம் பிழையில்லை, ஆதாரம், அதாவது பாட்டு வந்து நிற்கும் சுரம்தான் வேறு. பாட்டு ஏ மைனர்.

எந்த மேஜரை எடுத்தாலும் அதன் ஆறாம் சுரத்தை ஆதாரமாக்கினால், அதே ஏழு சுரங்களில் அதன் ரிலேட்டிவ் மைனர் கிடைக்கும். பஜனைக்கு ஆர்மோனியம் வாசிப்பவர்களுக்கு இது புதிதல்ல: சங்கராபரணத்தின் தைவதத்தை ஆதார ஸட்ஜமாக்கி கிரக பேதம் செய்தால் நடபைரவி.

கீபோர்டில் மேஜரின் ஆதார சுரத்திலிருந்து இடப்பக்கம் மூன்று அரைச்சுரம் இறங்குங்கள். கறுப்பையும் எண்ணவேண்டும், தொடங்கிய கட்டையை எண்ணக்கூடாது. அதை ஒன்று என்று எண்ணினால் சி-யிலிருந்து ஏ-க்குப் போகாமல் பி பிளாட்டில் (பி-க்கு இடப்பக்கக் கறுப்பு) நிற்பீர்கள். ஜி-க்கு இ மைனர், டி-க்கு பி மைனர், எஃப்-க்கு டி மைனர். ஏ-க்கு எஃப் சார்ப் (எஃப்-க்கு வலப்பக்கக் கறுப்பு) மைனர். மேலைத்தேய சங்கீத வினாத்தாளில் அதை ஜி பிளாட் என்று எழுதினால் புள்ளி போகும், ஏனென்றால் எழுத்து இரண்டு படி இறங்கவேண்டும்: ஏ, ஜி, எஃப்.

தாளில் மேஜருக்கும் அதன் ரிலேட்டிவ் மைனருக்கும் கீ சிக்னேச்சர் (வரியின் தொடக்கத்தில் போடும் சார்ப், பிளாட் குறிகள்) ஒன்றே. ஒரு சார்ப் இருந்தால் ஜி மேஜரா, இ மைனரா? முதல் சுரத்தை நம்பவேண்டாம். ஐந்தாம் சுரத்தில் தொடங்கும் பாட்டுகள் ஏராளம். கடைசி பேஸ் சுரத்தைப் பாருங்கள். இடையிடையே டி சார்ப் தலைகாட்டினால் பெரும்பாலும் இ மைனர்தான். மைனரின் ஏழாம் சுரத்தை அரைச்சுரம் உயர்த்தும் வழக்கம் அது. ஹார்மோனிக் மைனர் என்பார்கள், நம் கீரவாணி. இதைக் கவனிக்காதபோதுதான் இடக்கை கெடுக்கிறது: ஏ மைனர் பாட்டில் மெட்டு ஜி சார்ப் பாட, இடக்கை இ மைனர் கோர்டில் வெறும் ஜி பிடித்தால் இரண்டும் மோதும். அங்கே இ மேஜர் பிடியுங்கள்.

தாள் இல்லாவிட்டால் கடைசிச் சுரத்தோடு சி, ஏ மைனர் இரண்டையும் பிடித்துப் பார்ப்பது போதாது. இரண்டு கோர்டிலும் சி, இ பொது என்பதால் இரண்டுமே பொருந்தலாம். முந்திய கோர்டையும் சேர்த்து வாசியுங்கள்: ஜி7-சி ஒருமுறை, இ7-ஏ மைனர் ஒருமுறை. எது பாட்டை முடித்துவைக்கிறதோ அதுதான்.

சி மைனர் சி மேஜரின் ரிலேட்டிவ் அல்ல. ஆதாரம் ஒன்று, மூன்று சுரம் வேறு. அதன் ரிலேட்டிவ் இ பிளாட் மேஜர்.

பாடுபவர்களுக்காக ஏ மைனரை இரண்டு அரைச்சுரம் ஏற்றினால், கிட்டார்காரரிடம் 'பி மைனர்' என்று முழுதாகச் சொல்லுங்கள். 'இரண்டு சார்ப்' என்று மட்டும் சொன்னால் அவர் டி மேஜரில் தொடங்கிவிடுவார்.