வானொலியில் தகாத பேச்சு: பிரிட்டன் நிலையங்கள் எங்கே தவறுகின்றன?

நேரலையில்தான் ஆபத்து உண்டு, முன்பே பதிவு செய்த நிகழ்ச்சியைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை என்ற எண்ணம் ஒலிபரப்பாளர்களிடம் பரவலாக இருக்கிறது. 2008 அக்டோபர் 18 அன்று பிபிசி ரேடியோ 2-இல் ஒலிபரப்பான நகைச்சுவையாளர் ரசல் பிராண்டின் நிகழ்ச்சி அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. அவரும் அவருடன் பங்கேற்ற தொகுப்பாளர் ஜொனாதன் ராஸும், மூத்த நடிகர் ஆண்ட்ரூ சாக்ஸின் பேத்தியைப் பற்றி ஆபாசமாகப் பேசி, சாக்ஸின் தொலைபேசியில் பதிந்து வைத்த செய்திகள் அதில் இடம்பெற்றன. நிகழ்ச்சி நேரலை அல்ல; போட்டுக் கேட்கவும் வெட்டவும் அவகாசம் இருந்தும் அது காற்றில் போனது. முதலில் வந்த புகார்கள் 2 மட்டுமே. ஒரு நாளிதழ் அதைச் செய்தியாக்கிய பிறகு அவை பல்லாயிரமாகப் பெருகின. ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம், 2009 ஏப்ரலில் பிபிசிக்கு 1,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. முதல் வாரத்தில் அதிகம் பேர் முறையிடவில்லை என்பதை நற்சான்றாக எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய பிழை என்பதும் இதிலிருந்தே தெரியும்.

அடுத்த தவறு, தடைசெய்யப்பட்ட சொற்களின் பட்டியலைத் தேடுவது. 2005-இல் நடைமுறைக்கு வந்த ஆஃப்காம் ஒலிபரப்பு விதித்தொகுப்பில் அப்படியொரு பட்டியல் கிடையாது. எந்தச் சொல்லை மக்கள் எவ்வளவு கடுமையாகக் கருதுகிறார்கள் என்று அந்த அமைப்பு அவ்வப்போது ஆய்வு செய்து வெளியிடுவது உண்மைதான் என்றாலும், அது வழிகாட்டி மட்டுமே. மனத்தைப் புண்படுத்தக்கூடிய ஒரு பகுதி, அது ஒலிபரப்பான நேரம், நிலையத்தின் இயல்பு, கேட்போரின் எதிர்பார்ப்பு, முன்னெச்சரிக்கை தரப்பட்டதா என்ற சூழல்களை வைத்து நியாயப்படுகிறதா என்றுதான் பார்க்கப்படுகிறது. ஒரு வசைச்சொல்கூட இல்லாமல், ஒருவரின் இனத்தையோ மதத்தையோ உடற்குறையையோ இழிவுபடுத்தும் கிண்டலும் இதனால் விதிமீறலாகலாம்.

எனக்குத் தெரிந்தவரை, நிலையங்கள் மிகுதியாகச் சறுக்குவது நேரக் கணக்கில்தான். பிள்ளைகளுக்கு ஒவ்வாதவை இரவு 9 மணிக்கு முன் வரக்கூடாது என்ற எல்லைக்கோடு தொலைக்காட்சிக்கு இருப்பதால் வானொலிக்கும் அதுவே பொருந்தும் என்று கருதிவிடுகிறார்கள். வானொலிக்கு அந்தக் கோடு இல்லை. பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்க வாய்ப்பு மிகுந்த வேளையில் மிகக் கடுமையான சொற்கள் வரக்கூடாது என்பதே விதி. பள்ளி நடக்கும் நாட்களில் காலை 6 முதல் 9 வரையும் பிற்பகல் 3 முதல் மாலை 7 வரையும், வார இறுதிகளில் காலை 6 முதல் மாலை 7 வரையும் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய நேரமாக வழிகாட்டுக் குறிப்பு சொல்கிறது. பள்ளி விடுமுறைக் காலத்திலும் அந்த முழுப் பகலும் கணக்கில் சேரும் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளி நாளில் காலை 11 மணிக்குச் சிக்கலின்றிப் போன பாட்டு, பள்ளி விடுமுறையான ஆகஸ்ட் மாதத்துச் செவ்வாய்க்கிழமையில் அதே 11 மணிக்குப் புகாராகி வருவது இப்படித்தான். அதிலும் கணினி தானாகவே பாட்டு போடும் நிலையங்களில், வானொலிக்கென்று திருத்திய வடிவம் இருக்க, இசைத்தட்டின் மூல வடிவம் கோப்புறையில் கிடந்து வம்பை வரவழைக்கும்.

நேயர் அழைப்பில் ஒருவர் கொச்சையாகப் பேசினால், பேசியவர் அவர்தானே என்று ஒதுங்க முடியாது. பொறுப்பு உரிமம் பெற்ற நிலையத்துடையது. உடனே இணைப்பைத் துண்டித்து, தெளிவாக, ஒருமுறை வருத்தம் தெரிவித்தால் அது நிலையத்துக்குச் சாதகமாகக் கருதப்படும். தொகுப்பாளர் சிரித்து மழுப்பினாலோ, என்ன சொன்னார் என்று விளக்கப் புகுந்தாலோ அந்த வருத்தத்துக்கு மதிப்பில்லை.

அங்கே தமிழில் ஒலிபரப்புவோர் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. நாம் பேசுவது ஆஃப்காமுக்கு எங்கே புரியப்போகிறது என்ற நினைப்பு வீண். உரிமம் பெற்ற வானொலி தன் ஒலிபரப்பை 42 நாட்கள் பதிவாக வைத்திருக்க வேண்டும். ஒரே ஒரு நேயர் முறையிட்டாலும் அந்தப் பதிவு கேட்டு வாங்கப்பட்டு மொழிபெயர்க்கப்படலாம். ஆங்கிலச் சொற்களின் கடுமையை அளக்க ஆய்வாவது இருக்கிறது. தமிழில் சாதிப்பெயரைச் சொல்லி ஏசுவது எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்பது வெளியாருக்கு எளிதில் விளங்காது என்பதால், அதை முன்கூட்டியே எடைபோட்டுத் தொகுப்பாளர்களுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டியவர் அந்த நிலையத்தின் பொறுப்பாளர்தான்.