சோலைப் பாதையில் சேறு ஒழிந்தது எப்படி: என் அனுபவம்

கொடைக்கானல் மலையில் பைன் தோப்பு வழியாகச் சோலைக்குள் (மலை மடிப்புகளில் அடர்ந்து வளரும் இயற்கைக் காட்டுக்குள்) இறங்கும் ஒற்றையடிப் பாதை. வனத்துறை அனுமதியோடு தன்னார்வலர்களாகச் சீர்செய்தோம். மழை பெய்தால் ஒரு வளைவில் கணுக்கால் வரை சேறு. சேற்றுக்கு ஒதுங்குபவர்கள் ஓரத்து நாற்றுகளை மிதிக்க, பாதை அகன்றுகொண்டே போனது. சோலை மரங்கள் மெதுவாகத்தான் வளரும், அதனால்தான் இவ்வளவு கவலை.

முதலில் ஜல்லி கொட்டினோம். அடுத்த மழையில் சேறு விழுங்கிவிட்டது. பிறகு குறுக்கே மரக்கட்டை பதித்தோம். அதன் பின்னால் வண்டல் தேங்கி, தண்ணீர் மேலே வழிந்து, கட்டைக்குக் கீழே குழி பறித்தது.

அப்புறம் மழையிலேயே பாதையில் மேல்நோக்கி நடந்து பார்த்தேன். பைன் ஊசிகள் குட்டி அணைகள் போலப் பாதைக்குக் குறுக்கே வளைந்து குவிந்து கிடந்தன. தண்ணீர் பாதை நெடுக ஓடுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். காரணம், பள்ளத்துப் பக்க ஓரத்தில் மண்ணும் சருகும் சேர்ந்து எழும்பி, தண்ணீரைப் பள்ளத்தில் இறங்கவிடாமல் தடுத்த நான்கு விரல் உயர வரப்பு. புல் மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து அந்த வரப்பை மண்வெட்டியால் வெட்டி எடுத்தோம். பாதையைப் பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்த்தோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு 5 சென்டிமீட்டர் தாழ்வு போதும். சேற்று வளைவுக்குச் சற்று மேலே, பாதைக்குக் கோணலாக, ஆழமில்லாத அகன்ற வாய்க்கால் ஒன்று எடுத்து, அதன் வாயில் கல் பதித்தோம். கோணலாக இருந்தால் வண்டலைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போகும்.

அடுத்த பெருமழைக்கும் வளைவில் சேறு இல்லை. பெரிய நிம்மதி. மழைக்காலத்துக்கு முன்பு வாய்க்காலில் சேரும் சருகை மட்டும் வாரிவிட வேண்டும்.