குழந்தை வேண்டுமா? நாங்கள் முடிவெடுத்த விதம்

2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல். வேளச்சேரியில் எங்கள் தரைத்தள வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டில் மூன்று நாள் இருந்தோம். எதிர்வீட்டுப் பெண் நாற்பது நாள் பிள்ளையைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டு படகில் இறங்கினாள். கரண்ட் இல்லை, பால் பாக்கெட் கிடைக்கவில்லை. அன்று ராத்திரி என் கணவர் கேட்டார்: "நமக்கு இது வேணுமா?"

பருவநிலை மாறிவரும் காலத்தில் பிள்ளை பெறலாமா என்ற அதே கேள்வியோடு இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் பயத்தை இரண்டாகப் பிரியுங்கள். நம் பிள்ளையால் பூமிக்குக் கேடா? பூமி கெடுவதால் நம் பிள்ளைக்குத் துன்பமா? மனசுக்குள் இரண்டும் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும்.

முதல் பயத்துக்கு எல்லோரும் காட்டுவது 2017இல் வந்த ஒரு கணக்கு: ஒரு குழந்தை குறைந்தால் ஆண்டுக்கு 58.6 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு நிகரான உமிழ்வு மிச்சம். அது பணக்கார நாடுகளுக்குப் போட்டது. பேரன் பேத்திகள் வெளியிடப்போவதிலும் ஒரு பங்கை இன்றைய பெற்றோர் தலையில் ஏற்றுகிறது. இந்தியர் ஒருவரின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 டன்தான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி இரண்டு பிள்ளைகூட இல்லை. இந்தக் குற்றவுணர்ச்சியை நான் இறக்கி வைத்துவிட்டேன்.

இரண்டாவது பயம் நிஜம். "உலகம் என்னாகும்" என்று யோசித்தால் தூக்கம்தான் போகும். அதற்குப் பதில் உங்கள் தெருவைப் பற்றி எழுதுங்கள். 2015இலும் 2023இலும் தண்ணீர் எதுவரை ஏறியது? (பக்கத்து வீட்டில் கேளுங்கள், சுவரில் கறையைக் காட்டுவார்கள்.) ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த 2019இல், லாரிக்கு எத்தனை நாள் காத்திருந்தீர்கள்? மறுபடி அப்படி நடந்தால் கைக்குழந்தையோடு எங்கே போவீர்கள்?

அந்தக் கடைசிக் கேள்விக்கு வழி காட்டியது அத்தை. "நாங்க பஞ்சத்துலயே பெத்து வளர்க்கலையா?" என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் எப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டேன். "கிணறு வத்தினப்ப உன் புருஷனை ஆறு மாசம் எங்கம்மா வீட்ல விட்டேன்மா" என்றார். பெரியவர்களிடம் வாதாடாதீர்கள், விவரம் கேளுங்கள்.

பிறகு முடிவெடுக்க ஒரு தேதி குறியுங்கள். வயது காத்திருக்காது, மருத்துவரையும் ஒருமுறை பாருங்கள். தத்தெடுப்பதும் யோசனையில் இருந்தால், அதற்கும் வயது வரம்பு உண்டு, காத்திருப்பு வருடக்கணக்கில் போகும்.

நாங்கள் காணும் பொங்கலன்று தனித்தனியே விடையை எழுதினோம். நான் "வேண்டும்". அவர் "வேண்டாம்". விடை வேறுபட்டால், மாற்றச் சொல்லிக் கெஞ்சாதீர்கள். எது மாறினால் உங்கள் விடை மாறும் என்று கேளுங்கள். எதுவுமே இல்லை என்றால் அதை மதியுங்கள். நான் அப்படிக் கேட்டதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "இந்த வீட்ல வேண்டாம்."

மேடான தெருவில் இரண்டாம் மாடி கிடைக்க எட்டு மாதம் ஆயிற்று. வாடகை நாலாயிரம் கூட. அதன் பிறகுதான் மருத்துவரிடம் போனோம். கடும் வெயிலில் வேலை செய்யும் கர்ப்பிணிகளுக்குக் கருச்சிதைவு அபாயம் கூடுகிறது என்று தமிழ்நாட்டிலேயே ஆய்வு வந்திருக்கிறது. அதனால் ஏப்ரல், மே இரண்டு மாதமும் வீட்டிலிருந்து வேலை என்று ஆபீசில் இப்போதே எழுதி வாங்கிவிட்டேன்.