வலிப்பு மாத்திரை சாப்பிடும் ஆண்கள் குழந்தை பெறத் திட்டமிடும்போது

மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது. மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான். "குழந்தை தங்குறவரைக்கும் ரெண்டு மூணு மாசம் மாத்திரையை விட்டுப் பாரேன்" என்று வீட்டில் யாராவது யோசனை சொல்வார்கள். திடீரென விட்டால் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வரலாம். அது உயிரையே எடுத்துவிடும்.

அடுத்து, மாத்திரை அட்டையைத் திருப்பி பிராண்டு பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைப் படியுங்கள். என்கோரேட், வால்பாரின் என்றால் சோடியம் வால்ப்ரோயேட். டெக்ரிடால், மேசிட்டால் என்றால் கார்பமசபின். எப்டாயின் என்பது ஃபெனிடாயின், கார்டினால் என்பது ஃபீனோபார்பிட்டோன். லெவிபில் லெவெடிரசிட்டம், லாமிட்டர் லாமோட்ரிஜின். "வலிப்பு மாத்திரை சாப்பிட்டால் குழந்தை பிறக்காது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது தவறு. இந்த மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டே தகப்பன் ஆனவர்கள் ஏராளம். ஆனால் ஒவ்வொரு மருந்தும் உடலில் ஒவ்வொரு விதமாக வேலை செய்கிறது.

அதிகம் கவனிக்க வேண்டியது வால்ப்ரோயேட். சிலருக்கு இது விந்தணு எண்ணிக்கையையும் ஓட்டத்தையும் குறைக்கிறது, வடிவத்தையும் மாற்றுகிறது. அபூர்வமாக விந்தணுவே இல்லாமல் போவதும் உண்டு. மருந்தை மாற்றினாலோ அளவைக் குறைத்தாலோ சிலருக்குப் பழைய நிலைக்கு வந்துவிடும். இதோடு இன்னொரு கேள்வியும் சேர்ந்திருக்கிறது. டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பதிவேடுகளை வைத்துச் செய்த ஆய்வில், கரு உருவாவதற்கு முந்தைய 3 மாதங்களில் தகப்பன் வால்ப்ரோயேட் எடுத்திருந்தால் 100 குழந்தைகளில் சுமார் 5 பேருக்கு ஆட்டிசம், பேச்சுத் தாமதம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகள் காணப்பட்டன. லாமோட்ரிஜின் அல்லது லெவெடிரசிட்டம் எடுத்த தகப்பன்மாரின் குழந்தைகளில் அது சுமார் 3. இதை வைத்து 2024 ஜனவரியில் ஐரோப்பிய மருந்து முகமை எச்சரிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு டென்மார்க்கில் வெளிவந்த வேறொரு ஆய்வில் அப்படி எந்த வித்தியாசமும் தெரியவில்லை. எனவே தொடர்பு இன்னும் நிரூபணமாகவில்லை. ஆனாலும் பிரிட்டனில் இந்த மருந்து சாப்பிடும் ஆண்களுக்கு, சாப்பிடும் காலத்திலும் நிறுத்தி 3 மாதம் வரையிலும் கருத்தடை முறையைப் பயன்படுத்தவும், விந்து தானம் செய்யாமல் இருக்கவும் அறிவுறுத்துகிறார்கள்.

ஏன் 3 மாதம்? ஒரு விந்தணு உருவாகி முடிய சுமார் 74 நாள். அது முதிர்ந்து வெளியே வர இன்னும் கொஞ்ச நாள். இன்று மருந்தை மாற்றினால் அதன் பலன் 3 மாதம் கழித்துத்தான் விந்தில் தெரியும். ஒரு மாதத்தில் மறுபடி டெஸ்ட் எடுத்துவிட்டு "ஒன்றும் மாறவில்லையே" என்று சோர்ந்துபோவதில் அர்த்தமில்லை.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. கர்ப்பிணி வால்ப்ரோயேட் சாப்பிட்டால் 10 குழந்தைகளில் ஒன்றுக்குப் பிறவிக் குறைபாடு வரலாம் என்ற எண்ணைத் தகப்பனுக்கும் பொருத்திப் பயப்படுகிறார்கள். அது தாய் சாப்பிடும்போது வரும் ஆபத்து. தகப்பனுக்குச் சொல்லப்படுவது அதைவிட மிகச் சிறியது.

கார்பமசபின், ஃபெனிடாயின், ஃபீனோபார்பிட்டோன் மூன்றும் கல்லீரலைத் தூண்டி எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. அது டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கணக்கில் பணம் இருந்தும் வங்கி முடக்கி வைத்தது மாதிரி, மொத்த டெஸ்டோஸ்டிரோன் ரிப்போர்ட்டில் சரியாக இருக்கும். உடலுக்குப் பயன்படும் பங்கு குறைந்திருக்கும். ஆசை குறைவு, விறைப்புக் குறைவு, அசதி என்று போகும் பலருக்கு "ரிப்போர்ட் நார்மல்" என்ற பதில் கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். மொத்த டெஸ்டோஸ்டிரோனோடு எஸ்.எச்.பி.ஜி.யும் அல்புமின் என்ற ரத்தப் புரதமும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூன்றையும் வைத்துத்தான் பயன்படும் பங்கைக் கணக்கிட முடியும். எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின் ஆகிய ஹார்மோன்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ரத்தம் காலை 7 முதல் 11 மணிக்குள், வெறும் வயிற்றில் கொடுக்க வேண்டும். வலிப்பு வந்த உடனே புரோலாக்டின் தானாகவே ஏறும். ஒரு நாளாவது கழித்துப் போகவும்.

ஆசைக் குறைவு எல்லாவற்றுக்கும் மாத்திரையே காரணம் என்றும் நினைக்க வேண்டாம். மூளையின் பக்கவாட்டு மடலில் தொடங்கும் வலிப்பே அதைச் செய்யும். மனச்சோர்வும் செய்யும், குளோபசாம் என்ற வலிப்பு மருந்து தரும் மந்தமும் செய்யும்.

விந்துப் பரிசோதனைக்குப் போகும் முன் 2 முதல் 7 நாள் உறவோ சுய இன்பமோ கூடாது. லேப் தரும் டப்பாவிலேயே எடுக்க வேண்டும். எண்ணெய், எச்சில், சோப்பு, ஆணுறை எதுவும் ஆகாது. முதலில் வரும் துளிகளில்தான் விந்தணு அதிகம். அது வெளியே சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணிக்கை பொய்யாகக் குறைந்து காட்டும். வீட்டில் எடுத்தால் அரை மணி நேரத்துக்குள், தாமதமானால் ஒரு மணிக்குள்ளாவது சேர்க்க வேண்டும். டப்பாவைச் சட்டைக்குள் உடம்போடு ஒட்டி வைத்துப் போகவும். ஃபிரிட்ஜில் வைத்தால் ஓட்டம் போய்விடும். சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயரையும், கடந்த 3 மாதத்தில் வந்த காய்ச்சலையும் படிவத்தில் எழுதுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 கையேட்டில் கீழ் எல்லை இது: அளவு 1.4 மில்லி, மில்லிக்கு 1.6 கோடி விந்தணு, மொத்த ஓட்டம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சில வாரம் விட்டு இரண்டாவது எடுங்கள்.

மருந்தை மாற்றுவது நரம்பியல் மருத்துவரின் வேலை, ஆனால் அது எப்படி நடக்கும் என்று தெரிந்துகொள்வது நல்லது. பழையதை ஒரேயடியாக நிறுத்த மாட்டார்கள். புதியதை ஏற்றிக்கொண்டே பழையதைப் படிப்படியாக இறக்குவார்கள். இதற்கே சில மாதம் பிடிக்கும். பிறகு 3 மாதக் காத்திருப்பு. ஆக, குழந்தை வேண்டும் என்று நினைக்கும் நாளுக்கு 8 மாதம் முதல் ஒரு வருடம் முன்பே பேச்சை எடுக்க வேண்டும். வால்ப்ரோயேட் இருக்கும்போது லாமோட்ரிஜின் சேர்த்தால் அதன் அளவு ரத்தத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகும். அதனால் மிகக் குறைந்த அளவில், ஒரு நாள் விட்டு ஒரு நாள் 25 மில்லிகிராம் என்றுதான் ஆரம்பிப்பார்கள். அவசரப்பட்டால் தோல் உரியும் ஆபத்தான ஒவ்வாமை வரலாம். தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வால்ப்ரோயேட்டை நிறுத்தியதும் லாமோட்ரிஜினின் அந்த அளவு பாதியாகச் சரியும். அப்போதுதான் வலிப்பு திரும்பும் வாய்ப்பு. மாற்றும் காலத்தில் வண்டி, உயரமான வேலை, கிணற்றுக் குளியல் எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். லெவெடிரசிட்டம் சிலரைச் சிடுசிடுப்பாக்கும். வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

காலையில் கை கால் வெட்டி இழுக்கும் மயோக்ளோனிக் வகை இருப்பவர்களுக்கு வால்ப்ரோயேட்தான் மிக நன்றாகக் கேட்கும். அவர்களுக்குக் கார்பமசபினும் ஃபெனிடாயினும் வெட்டலைக் கூட்டும். இவர்களில் சிலர் மாற்றாமல் இருப்பதே சரியான முடிவாக இருக்கும்.

டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று ஊசி போட யாராவது சொன்னால், குழந்தை வேண்டும் என்பதை முதலில் சொல்லுங்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை எல்.எச்., எஃப்.எஸ்.எச். சுரப்பதை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி அதோடு படுத்துவிடும். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத லேகியங்களையும் தொட வேண்டாம். கற்பூரம் கலந்திருந்தால் அதுவே வலிப்பைக் கிளப்பும்.

வால்ப்ரோயேட் சாப்பிடும்போதே மனைவி கர்ப்பமாகிவிட்டால்? இப்போது நிறுத்துவதால் கருவுக்கு ஒரு லாபமும் இல்லை. உங்களுக்குத்தான் வலிப்பு வரும். கருவைக் கலைக்க இது காரணமும் இல்லை. வழக்கமான ஸ்கேன்களைச் செய்து, மகப்பேறு மருத்துவரிடமும் பிறகு குழந்தை மருத்துவரிடமும் மருந்தின் பெயரைச் சொல்லி வையுங்கள். குழந்தை பேசத் தொடங்கும் வயதில் பேச்சும் பழக்கமும் சரியாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டால் போதும்.