மேம்பாலத்துக்குக் கீழே எட்டு நிமிடம்: முட்டி மாற்றிய பிறகும் போகாத வலிக்கு

வலது முட்டியை மாற்றி ஒன்றரை வருடம் ஆகிறது. வலி முழுதாகப் போகவில்லை. டிராமடால் என்ற வலி மாத்திரை போட்டால் மங்கும், ஆனால் தலைசுற்றல், மலச்சிக்கல், பகலெல்லாம் தூக்கம். மும்பை மாட்டுங்காவில் எங்கள் வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. அந்தத் தலைசுற்றலோடு படி இறங்க எனக்குப் பயம். டாக்டரிடம் சொல்லி, மூன்று வாரத்தில் மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினேன். நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள்.

ஆபரேஷன் முடிந்து மூன்று மாதம் தாண்டியும் வலித்தால் முதலில் காரணம் பாருங்கள். உள்ளே கிருமித்தொற்று இருக்கலாம், பொருத்திய மூட்டு தளர்ந்திருக்கலாம், இடுப்பிலிருந்தோ முதுகிலிருந்தோ வலி இறங்கலாம். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று என்னை ஒரு டாக்டர் அனுப்பிவிட்டார். இன்னொருவரிடம் போய் எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் பார்த்த பிறகுதான் நிம்மதி.

என்னைத் தேற்றியது நடையின் அளவு. வலி குறைந்த நாளில் மார்க்கெட் முழுக்கச் சுற்றுவேன், அப்புறம் இரண்டு நாள் படுக்கை. பிசியோதெரபி செய்யும் பெண் அதை நோட்டில் எழுத வைத்தாள். கிங்ஸ் சர்க்கிள் மேம்பாலத்துக்குக் கீழே ஒரு பூங்கா இருக்கிறது, நர்மதை ஆறு மாதிரி வளைந்து போகும் நடைபாதை. தலைக்கு மேல் பாலம் என்பதால் மும்பை மழையிலும் நடக்கலாம். முதல் வாரம் தினமும் 8 நிமிடம். கால் இன்னும் போகலாம் என்றாலும் 8தான். வலித்த நாளில் பாதியாவது. வாரம் ஒரு நிமிடம் கூட்டி இப்போது 25. நடந்த வலி மறுநாள் காலைக்குள் அடங்கினால் அளவு சரி, அடங்காவிட்டால் குறையுங்கள்.

காலையில் படுக்கையிலேயே குதிகாலுக்குக் கீழே சுருட்டிய துண்டை வைத்து, முட்டியைக் கீழ்நோக்கி அழுத்தி 5 எண்ணுங்கள், பத்துத் தடவை. முட்டிக்குக் கீழே தலையணை வைத்துத் தூங்காதீர்கள். சுகமாகத்தான் இருக்கும், ஆனால் கால் மடங்கியபடியே இறுகிவிடும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் கால் முதலில்.

தழும்பில் புடவை உரசினாலே எனக்கு எரியும். காயம் நன்றாக ஆறிய பிறகு முதலில் பட்டுத்துணி, பிறகு பருத்தி, பிறகு துவாலை என்று தினமும் சில நிமிடம் தடவித் தடவித் தோலைப் பழக்கினேன். இந்த எரிச்சலுக்கென்றே வேறு வகை மாத்திரைகளும் உண்டு, கேளுங்கள்.

வீங்கினால் ஃப்ரீசரிலிருந்து பட்டாணிப் பாக்கெட், துண்டில் சுற்றி 15 நிமிடம். பாராசிட்டமால் டாக்டர் சொன்ன அளவுதான். சளி மாத்திரையிலும் அது இருக்கும், கணக்கில் சேருங்கள். எனக்கு பி.பி. இருப்பதால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் தடவும் ஜெல் கொடுத்தார்.

காய்ச்சல், முட்டியில் திடீர்ச் சிவப்பு, தழும்பில் நீர் கசிவு, கெண்டைக்காலில் வீக்கம் இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். நெஞ்சு வலித்தாலோ மூச்சு வாங்கினாலோ நேராக எமர்ஜென்சிக்கு.